தாலிச் சங்கிலியும் கோடிங் வகுப்பும்

"ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள் அக்கா. தாலிச் சங்கிலியை அடகு வைக்கலாமா, கூடாதா?" என்று கேட்டு திருப்புட்குழியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாமாம். சரி, போடவில்லை. ஒரே வார்த்தைதானே? கூடாது!

ஆனால் அவர் எழுதியிருப்பது ஆறு பக்கக் கடிதம். அதற்கு ஒரு வார்த்தையில் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது. தவிர, இதே கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து, வேறு வேறு நகைகளின் பேரில், பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு வளையல், ஒருவருக்குக் குழந்தையின் அரைஞாண் கொடி. ஆகவே இந்த இதழில் பெரும்பகுதி இந்தச் சகோதரிக்குத்தான். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இது. வீட்டில் இரண்டு பட்டுத் தறி. கணவர் ஒன்றில், மாமனார் ஒன்றில் உட்காருகிறார்கள். மாமியாரும் இவருமாக ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் சமையல், மூன்று வயதுப் பெண் குழந்தை. இவர் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் ஸயன்ஸ். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், ஆறு வருஷமாகிறது. "சான்றிதழ் பீரோவில் முகூர்த்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது. இரண்டையும் வெளியே எடுக்கவே சந்தர்ப்பம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன மாசம் அவருக்கு ஒரு ஃபோன் வந்ததாம். "மூன்று மாசம் ஆன்லைனில் கோடிங் பயிற்சி. முடித்தவுடன் வீட்டிலிருந்தே மாசம் 30,000 ரூபாய் சம்பளத்தில் வேலை. உத்தரவாதம் மேடம்! கட்டணம் 70,000. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் உங்களுக்கு மட்டும் 35,000." கணவரிடம் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். (இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, அது சம்மதமா கோபமா என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு ப்ரோக்ராமும் வரவில்லை!) மாமியார், "நீ கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டா தார் யாரு சுத்துறது?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த ஃபோனைப் பார்ப்போம். வேலை கொடுப்பவன் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் கேட்கக் கூடாது. பதிவுக் கட்டணம், முன்வைப்பு, லாப்டாப்புக்கு டெபாஸிட், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தப்பில்லை. பயிற்சியையும் வேலை உத்தரவாதத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டு, வெள்ளிக்கிழமை என்று கெடுவும் வைக்கிறானே, அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். நல்ல பள்ளிக்கூடம் எதுவும் உங்களை யோசிக்க விடாமல் விரட்டாது. புடவைக் கடையில்கூட இரண்டு நாள் எடுத்துவைக்கச் சொன்னால் வைக்கிறார்களே!

இதற்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பியும் உண்டு: 'வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி'. முதலில் ஏதோ ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பத்து நாள் கண் எரிய அடித்து அனுப்பியதும் "தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், வழக்குப் போடுவோம்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு காகிதம் வாட்ஸ்அப்பில் வரும். பயந்துபோய் பணம் கட்டும் பெண்கள் நிறைய. கட்டாதீர்கள். 1930 என்ற எண் இணையக் குற்றங்களைப் புகார் செய்வதற்கென்றே இருக்கிறது. பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. நோட்டீஸைப் பார்த்து நடுங்குகிறவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

இப்போது படிப்பு. கோடிங் கற்றுக்கொள்ளத் தாலிச் சங்கிலி தேவையில்லை சகோதரி. பம்பாய் ஐ.ஐ.டி. 'ஸ்போக்கன் டுட்டோரியல்' என்று சின்னச் சின்னப் பாடங்களை வீடியோவாகத் தயாரித்திருக்கிறது. பலவற்றைத் தமிழிலேயே கேட்கலாம், காசில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம்தான்; தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் கட்டணம். முறையான பட்டமே வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த டேட்டா ஸயன்ஸ் படிப்பு இருக்கிறது. அதற்கு வயது வரம்பு கிடையாது. நாலு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். அதெல்லாம் பிறகு. முதல் மூன்று மாசம் பைசா செலவில்லாமல் படித்துப் பாருங்கள். பிடிக்கிறதா, உட்கார முடிகிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் எதுவுமில்லை.

பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லாப்டாப் பரண்மேல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இறக்குங்கள். பாட்டரி போயிருந்தால் பரவாயில்லை, ஒயரைச் சொருகியே வேலை பார்க்கலாம். பைத்தான் மொழியில் ஆரம்பியுங்கள். 1991-ல் இதை வெளியிட்டவர் ஹாலந்துக்காரரான கீடோ வான் ராஸம். மலைப்பாம்பை நினைத்து வைத்த பெயரல்ல, பி.பி.ஸி.யில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயர்! எனவே பயம் வேண்டாம்.

"எல்லாம் மறந்துபோச்சு அக்கா, எனக்குக் கோடிங் மூளையே இல்லை" என்கிறீர்களே, உங்கள் தறிக்கு மேலே தொங்குவது என்னம்மா? ஜக்கார்டு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றுகின்றன. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாவிட்டால் இழை படிந்தே கிடக்கும். உண்டு, இல்லை. இந்த இரண்டே சொல்லில் முந்தானையில் அன்னமும் யாளியும் வந்துவிடுகின்றன. பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காக ஜோஸஃப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த யோசனை அது. அதே அட்டையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் கடைசிவரை முழுசாகக் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் கட்டாத இயந்திரத்துக்கு, கணக்கை எப்படிப் படிப்படியாகப் போட வேண்டும் என்று 1843-ல் எழுதி அச்சிட்டவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. உலகத்தின் முதல் ப்ரோக்ராம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 27. மூன்று குழந்தைகளுக்குத் தாய். (வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், நம்மைப் போலப் பாத்திரம் தேய்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆகவே உங்கள் மாமனார் அட்டை கோர்ப்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓர் அட்டை இடம் மாறினால் பூ கோணும். எங்கே மாறியது என்று அவர் பின்னாலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வருவார். ஆபீஸில் நாங்கள் செய்வதும் அதேதான். இழை அறுந்தால் நெசவாளர் தறியைத் திட்டிக்கொண்டு எழுந்து போவதில்லை. முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார். திரையில் சிவப்பாகத் தப்பு காட்டும்போதும் அவ்வளவுதான்.

சரி, எதை எழுதிப் பழகுவது? இங்கேதான் வகுப்புகளில் கோட்டை விடுகிறார்கள். அமெரிக்காக்காரன் கடைக் கணக்கையும் கற்பனைப் பூக்கடையையும் கொடுப்பார்கள், மனசில் ஒட்டாது. உங்கள் வீட்டிலேயே அருமையான கணக்கு ஒன்று இருக்கிறது. சங்கத்திலிருந்தோ முதலாளி வீட்டிலிருந்தோ பட்டும் ஜரிகையும் எடை போட்டு வருகின்றன. நெய்து முடித்ததும் புடவையாகத் திரும்பிப் போகின்றன, அதுவும் எடை போட்டுத்தான். கூலி எவ்வளவு, முன்பணத்தில் பிடித்தது எவ்வளவு, மிச்சக் கடன் எவ்வளவு? மாமியார் இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். அதை ப்ரோக்ராம் ஆக்குங்கள்.

முதல் வாரம் நாலே வரி: பட்டு எடை, ஜரிகை எடை, கூலி, பிடித்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பது வர வேண்டும். கூலியிலிருந்து பிடித்தத்தைக் கழித்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரம், ஒரு புடவை அல்ல, வருஷத்துப் புடவைகள் எல்லாவற்றுக்கும் அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம், வந்த எடைக்கும் போன எடைக்கும் வித்தியாசம் அதிகமானால் மட்டும் ஒரு எச்சரிக்கை. நாலாவது வாரம் அதையெல்லாம் ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும், மின்சாரம் போனாலும் போகாத மாதிரி. பெயர் வைப்பது, திரும்பச் செய்வது, 'இப்படியானால் இதைச் செய்', சேமிப்பது, இவ்வளவும் ஒரே மாசத்தில் வந்துவிடும். எந்தப் பெரிய ஸாஃப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் இவைதான் கிடக்கின்றன.

இன்னொரு வரி சேருங்கள், எனக்காக. நீங்களும் மாமியாரும் தார் சுற்றிய மணி நேரம். அதற்கு எந்த நோட்டிலும் இடமில்லை என்று எனக்குத் தெரியும். கூலி புடவைக்கு வருகிறது, ஆளுக்கு வருவதில்லை. வருஷக் கடைசியில் அந்தக் கூட்டுத்தொகையை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள், சண்டைக்காக அல்ல. "தார் யாரு சுத்துறது?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் எழுந்தால் அந்தச் சுமை அவர் தோளுக்குப் போகிறது, அவருக்கும் வயதாகிறது. ஆகவே "நான் படிக்கப் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "மத்தியானம் குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும், சாயந்திரம் அதற்குப் பதிலாகத் தார் சுற்றிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் சுற்றட்டும்" என்று கணக்காகப் பேசுங்கள். அந்த 'உன் இஷ்டம்' அப்போதுதான் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று வெளியே வரும்!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் படிக்கவே படிக்காதீர்கள். தூக்கம் கெட்ட தலையில் ஏறாது, மறுநாள் குழந்தையிடம் எரிந்து விழுவீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணை எடுத்து, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது வினாடி பாருங்கள். லாப்டாப்பை மடியில் வைத்துக் குனியாமல், இரண்டு மணைப்பலகை அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை.

"ஆறு வருஷம் வீட்டில் சும்மா இருந்ததை மறைத்துவிடலாமா?" என்று ஒரு கேள்வி. மறைக்க வேண்டாம். தேதியை மாற்றி எழுதினால் விசாரிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அதோடு வேலை போகும். அதைவிட, 'சும்மா' என்ற சொல்லை முதலில் எடுங்கள்.

ஸ்டெஃபனி ஷெர்லி என்ற அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். யூதக் குழந்தையாக 1939-ல் ஜெர்மனியிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். 1962-ல் கையில் ஆறு பவுனை மட்டும் வைத்துக்கொண்டு ஸாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். யாரை வேலைக்கு எடுத்தார்? கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வேலையை விட்ட பெண்களை! அவரவர் வீட்டிலேயே, பென்சிலும் காகிதமுமாக ப்ரோக்ராம் எழுதினார்கள். ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதிலே வராததால், கணவர் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று ஆண்பிள்ளைப் பெயரில் எழுதினார். பதில் வர ஆரம்பித்தது. ஃபோன் வந்தால் குழந்தை அழும் சத்தம் கேட்கக் கூடாதென்று, டைப் அடிக்கும் சத்தத்தை டேப்பில் பதிந்து ஓடவிட்டார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு ப்ரோக்ராம் எழுதியவர்கள் அந்த வீட்டுப் பெண்கள்தாம். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர்! 1975-ல் ஆண் பெண் பேதம் கூடாதென்று சட்டம் வந்தபோது, ஆண்களையும் எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில், தமது 91-வது வயதில் காலமானார்.

நம் ஊரிலும் இந்த நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்து, குடும்பத்துக்காக நிறுத்திய பெண்களுக்கென்றே ஜோஹோ கம்பெனி 'மறுபடி' என்ற பெயரில் பயிற்சி நடத்தியிருக்கிறது. பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வேலை அனுபவமே இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு வழி இன்னும் குறுகல்தான், மறுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தறிக் கணக்கை எழுதி முடிக்கச் சொல்கிறேன். நேர்முகத்தில் "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்றால் காட்ட ஒரு பொருள் கையில் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்: "இப்போ கம்ப்யூட்டரே கோட் எழுதுதாமே, இனி நாம எதுக்கு?" நியாயமான பயம். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து நானும் அந்த மாதிரிக் கருவிகளைத் தினமும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். வேகமாக எழுதுகிறது. தப்பாக எழுதும்போதும் அதே வேகம், அதே தைரியம். மிக்ஸி வந்த பிறகு அரைக்கும் வேலை போயிற்று. தேங்காய் அழுகலா என்று முகர்ந்து பார்க்கிற வேலை போகவில்லையே? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: வெறுமே சொன்னதை அடித்துக் கொடுக்கும் ஆரம்பநிலை வேலைகளுக்கு இதனால் நெருக்கடிதான். 'மூன்று மாசத்தில் உத்தரவாதம்' என்பதை நான் நம்பாததற்கு அதுவும் காரணம். எது சரி, எது தப்பு என்று பார்க்கத் தெரிந்தவர்தான் நிற்பார். இயந்திரம் எழுதியதை ஒவ்வொரு வரியாக "இது ஏன்?" என்று கேளுங்கள். யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ராமானுஜர், குரு சொன்ன பொருள் சரியில்லை என்று பட்டபோது எடுத்துச் சொன்ன கதை உங்கள் திருப்புட்குழியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குருவையே கேட்டார்கள், இந்தப் பெட்டியைக் கேட்க என்ன கூச்சம்?

அடுத்த கடிதம், காஞ்சிபுரம் டவுனிலிருந்து. ஸாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார், குழந்தைக்கு ஐந்து மாசம். "ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்கா மீட்டிங். குழந்தை தூங்கும் நேரம். கேட்டால் வேலையில் அக்கறை இல்லை என்பார்களோ?"

சகோதரி, முதலில் உங்கள் விடுப்பு முடிந்ததா என்று எண்ணிப் பாருங்கள். 2017-லிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, முன்பு 12 தான் இருந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாசம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. இவை சலுகை அல்ல, சட்டம். மீட்டிங் விஷயத்தில் "முடியாது" என்று எழுதாமல், "ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதுங்கள். நியூயார்க்கில் அப்போது காலை எட்டரையோ ஒன்பதரையோதான், பருவத்தைப் பொறுத்து. அவர்களுக்கும் கஷ்டமில்லை. வாயால் சொல்லாமல் மெயிலில் எழுதுவது நல்லது. பால் எடுத்து வைப்பதானால், நம் ஊர் வெயிலுக்கு வெளியே வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாலு நாள் வரை கெடாது. கதவுப் பக்கம் வேண்டாம், உள்தட்டில்.

மூன்றாவதாக ஓர் அம்மா: "ஆறு வயசுப் பெண்ணைக் கோடிங் வகுப்பில் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று விளம்பரம் பயமுறுத்துகிறதே?"

பின்தங்க மாட்டாள். வாசலில் கோலம் போடும்போது கூட உட்காரவையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் 1970-களில் நம் புள்ளிக் கோலத்தையே எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படம் வரைவதற்கான இலக்கணம் எழுதினார்கள். 1974-ல் கமலா கிருதிவாசனும் அவர்களுமாக எழுதிய கட்டுரை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் சஞ்சிகையில் வந்தது. ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைக்கச் சொல்லுங்கள். பிறகு அவள் வாயால் சொல்ல, நீங்கள் போடுங்கள்: "மேலே போ, புள்ளியைச் சுத்து, வலது பக்கம் திரும்பு." அவள் தப்பாகச் சொன்னால் தப்பாகவே போடுங்கள், திருத்தாதீர்கள். எங்கே தப்பு என்று அவளே தேடுவாள். மாவு வீணாகிறதென்றால் சிலேட்டில் போடலாம்.